ராகு காலத்துக்கு முன் எடுத்த பூஜ்யம்

போன வாரம் காரிமங்கலம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஒகேனக்கல்லிலிருந்து வந்த பேருந்தில் பென்னாகரத்தில் ஏறினேன். ஏறியதுமே மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. கருவாடு. பட்டுப்புடவை கட்டி, தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு, கருவாட்டு வாசனையோடு கல்யாணத்துக்குப் போகும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது. மூன்றாவது சீட்டில் ஒரு அம்மாள் மடியில் பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் நேராக அவரிடம் போனார்.

"ஏம்மா, அத மூடி எடுத்தார மாட்டீங்களா? பஸ்ஸுல மனுசங்க வர வேணாமா?"

"மூணு கவரு போட்டு முடிச்சுப் போட்டிருக்கறனுங்க. எங்கியும் ஓட்ட இல்லீங்க. வேணும்னா நீங்களே பாருங்க."

கண்டக்டர் நிஜமாகவே பார்த்தார். பையைத் தூக்கி, திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முடிச்சை அமுக்கிப் பார்த்தார். ஓட்டை இல்லை. இனி என்ன செய்வது? பக்கத்து சீட்டுக்காரரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்தார். அந்த மனிதர் பாவம், யாருக்கும் தெரியாமல் தன் சட்டைக் காலரை மோந்து பார்த்துக்கொண்டார்.

எனக்குக் காரணம் தெரியும். சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லியே நான் பெயரைக் கெடுத்துக்கொண்டவள். பிள்ளைகளின் பிறந்தநாள் பலூன் மறுநாள் காலையில் சுருங்கிக் கிடந்தால் நான் வாயைத் திறப்பதற்குள் ஆளுக்கொரு அறைக்குப் போய்விடுவார்கள். நீங்கள் எழுந்து போக மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். பிளாஸ்டிக் எதையும் உள்ளே விடாது என்று உலகமே நம்பிக்கொண்டிருக்கிறது. தண்ணீரை விடாது, சரி. வாயுவை விடும். ஓட்டை வழியாக இல்லை. ஓட்டையே வேண்டாம். வாயு முதலில் அந்தப் பிளாஸ்டிக்குக்குள் கரைகிறது, சர்க்கரை தண்ணீரில் கரைகிற மாதிரியே. அப்புறம் உள்ளுக்குள்ளேயே இடுக்கு இடுக்காக நகர்ந்து மறுபக்கம் போய் வெளியே வருகிறது. எவ்வளவு கரைகிறது, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று அளப்பதற்கு ஒரு வேலை இருக்கிறது. என் முதல் வேலை அதுதான். மூன்று கவர் போட்டாலும் முப்பது கவர் போட்டாலும் கருவாடு தன் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும்; கொஞ்சம் தாமதமாகப் பார்க்கும், அவ்வளவுதான்.

அந்தத் தாமதத்தைப் பற்றித்தான் இந்தக் கதை.

கண்டக்டர் என்னிடம் வந்து கையிலிருந்த மெஷினைத் தட்டி டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். வழவழவென்று மெல்லிய காகிதம். மை கிடையாது, சூடு பட்டே எழுத்து விழுகிற காகிதம். அதைத் தொட்டதும் விரலுக்கு ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் மெஷினிலிருந்து வந்ததும் இதே காகிதம்தான், இதைவிடக் கொஞ்சம் அகலம்.

காரிமங்கலம் தாண்டி ஹைவே ஓரத்தில் அப்போது ஒரு மாங்கூழ் ஃபேக்டரி இருந்தது. மாம்பழ சீசனில் அந்தப் பக்கம் போகிற பஸ்ஸெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொள்ளும். வெந்த மாம்பழ வாசனை ஒரு நாளைக்கு நன்றாகத்தான் இருக்கும். இரண்டாம் நாள் தலை வலிக்கும். ஒரு மாதம் ஆனால் மாமரத்தைக் கண்டாலே கோபம் வரும். நான் இன்றுவரை மாம்பழ ஜூஸ் குடிப்பதில்லை. யார் வீட்டிலாவது கொடுத்தால் தொட்டியில் இருக்கும் செடிக்கு ஊற்றிவிடுகிறேன். கூழை அடைக்கிற பையின் பிளாஸ்டிக் படலத்தையும் அங்கேயே ஒரு பக்கத்து ஷெட்டில் தயாரித்தார்கள். அந்தப் படலத்தைச் சோதிக்க ஒரு சின்ன ரூம். ஏசி போட்ட ஒரே ரூம் என்பதால் ஃபேக்டரியில் யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் அங்கேதான் வந்து கேட்பார்கள், முக்கியமாக மத்தியானத்தில்.

ரூமுக்குள் பம்ப் எண்ணெய் காய்ந்த வாசனை. மேஜைமேல் அந்த மெஷின். தடித்த இரண்டு எஃகு வட்டுகள், நடுவில் படலத்தை வைத்து இறுக்க வேண்டும். கீழ்ப்பக்கக் காற்றையெல்லாம் பம்ப் உறிஞ்சி வெறுமையாக்கிவிடும். மேல்பக்கம் ஆக்சிஜனைத் திறந்துவிட்டால், படலத்தைத் தாண்டிக் கீழே எவ்வளவு வந்து சேர்கிறது என்று அது கோடு போட்டுக் காகிதத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். ஃபேக்டரியில் எல்லோரும் அதை 'ஓட்டை மெஷின்' என்றார்கள். ஓட்டை கண்டுபிடிப்பதற்கு வாங்கிய மெஷின் என்று நினைப்பு. அப்படி நினைத்தவர்களில் முதல் ஆள் எங்கள் மேனேஜர் சபாபதி.

சபாபதியைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுத வேண்டும் என்று நேற்றிலிருந்து முயற்சி செய்கிறேன். சட்டையை நன்றாக இஸ்திரி போட்டிருப்பார். அவ்வளவுதான் கிடைத்தது. அவருக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருப்பதாக அவர் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்த விஷயம் என்று ஒன்றையும் நான் பார்த்ததில்லை. இடுப்பில் செல்போன் பை, பாக்கெட்டில் தினசரிக் காலண்டரின் அன்றைய தாள். அந்தத் தாளைப் பார்க்காமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். லோடு ஏற்றுவது, ஆள் எடுப்பது, ஆளை அனுப்புவது எல்லாம் நல்ல நேரத்தில்தான். நல்ல நேரத்தில் வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்கள் அதனால் என்ன நன்மை கண்டார்களோ தெரியாது.

மெஷின் வந்து இறங்கியபோது அதைப் பொருத்திக் கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். முந்தின நாளே படலத்தை மாட்டி, ராத்திரியெல்லாம் பம்ப் ஓடவிட்டுத் தயாராக வைத்திருந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. ஐயர் மந்திரம் சொல்லி முடிக்க, ஒன்பதரைக்கு மேல் நல்ல நேரத்தில் சபாபதி தன் கையால் ஆக்சிஜனைத் திறந்தார். காகிதம் நகர்ந்தது. கோடு தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு போனது. பத்து மணி, பத்தேகால், கோடு அசையவில்லை.

"ரீடிங் எடுத்துருங்க" என்றார் சபாபதி.

இன்ஜினியர் பதறிப்போய், "இல்ல சார், இப்பத்தான் கேஸ் படலத்துக்குள்ள கரைஞ்சுகிட்டிருக்கு. மறுபக்கம் வர நேரமாகும். கோடு மேல ஏறி, ஒரே சரிவா போகணும், அப்பத்தான் ரீடிங்" என்றார்.

"பத்தரைக்கு ராகு காலம் தம்பி. மொதல் ரீடிங்க ராகு காலத்துல எடுக்கச் சொல்றியா?"

எடுத்தார்கள். பூஜ்யம். எங்கள் படலம் வழியாக ஆக்சிஜன் துளிகூடப் போகாது என்று ஆகிவிட்டது. உலகத்தில் எவனும் செய்யாத படலம் காரிமங்கலத்தில் செய்யப்பட்டதாக சபாபதி கைதட்டினார், எல்லோரும் தட்டினோம். லட்டு கொடுத்தார்கள். இன்ஜினியர் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலை இன்னும் கண்ணில் இருக்கிறது. அவருக்குச் சாயங்காலம் ரயில். பூஜ்யம் விழுந்த அந்தக் காகிதத்தைச் சபாபதி அளவாக வெட்டி, தருமபுரிக்கு அனுப்பிச் சூடு படாமல் ஒட்டுகிற லேமினேஷன் செய்து, சட்டம் போட்டு, தன் அறையில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். நடுவில் ஒரு சந்தனப் பொட்டு. தினமும் பூ.

அதோடு விட்டிருந்தாலும் சரிதான். அதையே விதியாக்கினார். இனிமேல் எந்தப் படலத்தைச் சோதித்தாலும் ஆக்சிஜன் திறந்து ஒரு மணி நேரத்துக்குள் ரீடிங். முதல் ரீடிங் அப்படித்தானே எடுத்தோம், ராசியாக இருந்ததே.

மாதேஸ்வரி வேலைக்குச் சேர்ந்தது அதற்கப்புறம். பென்னாகரத்துக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். ரசாயனத்தில் எம்.எஸ்ஸி. நான் வெறும் பி.எஸ்ஸி. என்பதால் லேபுக்கு அவள்தான் பொறுப்பு, நான் கூட இருக்கும் ஆள். ஒரே வயசு. மெலிந்த உடம்பு, நெற்றியில் பாதியை அடைக்கும் பொட்டு, யாரிடமும் குரலை உயர்த்த மாட்டாள். உயர்த்தாமலே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி எதிராளியைக் களைப்படைய வைத்துவிடுவாள். வந்த முதல் வாரமே சபாபதியிடம் போய் நின்றாள். நானும் பின்னால் நின்றேன், கதவுக்கு அருகில், ஓடத் தோதாக.

"சார், ஒரு மணி நேரத்துல எடுத்தா எல்லாமே பூஜ்யம்தானுங்க வரும். ஒரு நாள் முழுக்க ஓடவிடணுமுங்க."

"ஏம்மா, ஓட்ட இருந்தா காத்து ஒடனே வந்துராதா? நடுவால டீ குடிக்க நின்னுட்டு வருமா?"

"ஓட்ட வழியா வரலீங்க சார். உள்ள கரைஞ்சு, நகர்ந்து வருது. ஒகேனக்கல் பஸ்ஸுல முன்வாசல்ல ஏறுன ஆளு ஒடனே பின்வாசல்ல எறங்கறதில்லீங்களே. உள்ள பூந்து வரணுமில்லீங்க. அதுவரைக்கும் பின்வாசல்ல நின்னு பாத்துட்டு, பஸ்ஸுல யாருமே ஏறலன்னு சொன்னா எப்பிடீங்க?"

இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? ஆனால் சபாபதிக்கு ஒன்று விளங்கவில்லை என்றால் அது சொன்னவர் குற்றம். "படிச்ச திமிரு" என்று தலையை ஆட்டிவிட்டு, ராத்திரி பம்ப் ஓடினால் கரண்ட் பில் ஏறுகிறது என்று சாயங்காலம் சுவிட்சை அணைக்க வாட்ச்மேனுக்கு உத்தரவு போட்டார். ராத்திரி பம்ப் ஓடாவிட்டால் சோதனையே அரைகுறை. மாதேஸ்வரி காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து பம்ப்பைப் போட ஆரம்பித்தாள்.

ஒரு விசித்திரம் பாருங்கள். மட்டமான பாலிதீன் கவர் இந்த மெஷினை ஏமாற்றவே ஏமாற்றாது. மாட்டிய சில நிமிஷத்திலேயே கோடு எகிறி, தன் லட்சணத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். சுமாராக நல்ல படலம்தான் வெகுநேரம் நல்ல பிள்ளையாக நடிக்கும். மனிதர்களிலும் அப்படித்தான். முதல் நாளே வள்ளென்று விழுகிறவனைப் பற்றி எனக்குப் பயமில்லை. இஸ்திரி போட்ட சட்டைகளைப் பற்றித்தான் பயம்.

மழைக்காலத்துக்கு முன்னால் வந்தது வினை. பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு அனுப்பிய மாங்கூழ் கோடவுனில் இருந்தபடியே நிறம் மாறிவிட்டது. மஞ்சள் போய், புளி கரைத்த மாதிரி ஆகிவிட்டது. ஆக்சிஜன் பட்டால் கூழ் கறுக்கும். கூழ் என்னவோ தன் கடமையைச் செய்தது. பைகள் திரும்பி வந்தன. படலத்தை நேரில் பார்க்க அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வருவதாகவும் சொன்னார்கள். முதலாளி கோயம்புத்தூரிலிருந்து போனில் கத்தினார். சபாபதி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "லேப் பொண்ணு சரியா டெஸ்ட் பண்ணலீங்க" என்றார்.

சரியாக டெஸ்ட் செய்யவிடுங்கள் என்று வந்த நாளிலிருந்து கேட்டவள் அவள்.

அப்போது மாதேஸ்வரிக்கு ஓசூரில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கம்பெனி லேபில் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. நேர்முகம் முடிந்துவிட்டது. இங்கே வேலை பார்த்ததற்கு அனுபவச் சான்றிதழ் கொண்டுவந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அவளுடைய வீட்டில் அண்ணன் கெடு வைத்திருந்தார். ஆவணிக்குள் ஓசூர் வேலை கிடைத்தால் போகலாம், இல்லையென்றால் பாலக்கோட்டுப் பக்கம் பார்த்து வைத்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். மாப்பிள்ளைக்குத் தோட்டம் இருந்தது, டிராக்டர் இருந்தது. மாதேஸ்வரிக்கு வேண்டியது மெஷின். "அங்க ஓசூர்ல ஆறு படலத்த ஒரே நேரத்துல மாட்டி ஓட்டலாமாம்மே" என்று என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் இருந்ததை, வேறு பெண்கள் முகத்தில் நகைக்கடையில்தான் பார்த்திருக்கிறேன்.

"நான் ஒண்ணுதான் கேக்கறேன்" என்றாள் சபாபதியிடம். "பெங்களூர்க்காரர் வர்ற அன்னிக்கு அவரு முன்னாடி ஒரே ஒருவாட்டி முழுசா ஓட்டிக் காட்டறனுங்க. அப்பறம் தப்பு யாருதுன்னு தெரிஞ்சிரும்."

சபாபதி காலண்டர் தாளைப் பார்த்துவிட்டு, சரி என்றார். அவருக்குத் தன் பூஜ்யத்தின்மேல் அத்தனை நம்பிக்கை.

பெங்களூர்க்காரர் காரில் வந்து இறங்கினார். குண்டான, சிரித்த முகம். வந்ததும் ஏசிக்கு நேரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நல்ல நேரத்தில் சபாபதி ஆக்சிஜனைத் திறந்தார். கோடு படுத்துக்கொண்டே போனது. ஒரு மணி நேரம் ஆவதற்குள் பெங்களூர்க்காரருக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

"ஜீரோ இதெயல்லா? சாகு, சாகு" என்றார். ஜீரோதானே இருக்கிறது, போதும் போதும் என்று கையையும் ஆட்டினார். கன்னடம் தெரியாதவர்களுக்கும் அந்தக் கை புரிந்தது.

"இன்னும் முடியலீங்க சார், சாயங்காலம் வரைக்கும் பாக்கணுமுங்க" என்றாள் மாதேஸ்வரி.

"சாயங்காலம்தான? நாங்க வந்து பாத்துக்கறோம்" என்றார் சபாபதி. வந்த விருந்தாளியை ஒகேனக்கல் காட்டாமல் அனுப்பினால் நம் மாவட்டத்துக்கே இழுக்கு என்று ஒரு சட்டம் இருக்கிறது அல்லவா. எண்ணெய் மசாஜ், அருவிக் குளியல், பரிசல், மீன் வறுவல். கார் கிளம்பிப் போனது.

நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவள் சாப்பிடப் போகவில்லை. நான் மட்டும் போய்ச் சாப்பிட்டுவிட்டு, மனசாட்சிக்காக அவளுக்கு ஒரு வாழைப்பழம் வாங்கி வந்தேன். அதையும் அவள் உரித்து வைத்துவிட்டு மறந்துபோனாள். ரூமில் பம்ப் சத்தம் மட்டும். காகிதம் அங்குலம் அங்குலமாக வெளியே வந்து தரையில் மடிந்து விழுந்தது. எனக்குத் தூக்கம் வந்தது. கண்ணை மூடப் போகும்போது அவள் என் கையைப் பிடித்தாள்.

"ஏம்மே, பாரு."

நான் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவள் ஸ்கேலை எடுத்துக் கோட்டுக்குக் கீழே வைத்தாள். ஸ்கேலுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி. கொஞ்சநேரத்தில் ஸ்கேல் தேவைப்படவில்லை. கோடு தலையைத் தூக்கிவிட்டது. வளைந்து, அப்புறம் நிமிர்ந்து, ஒரே சரிவில் ஏற ஆரம்பித்தது. ஆக்சிஜன் படலத்தைக் கடந்து மறுபக்கம் வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு காரியம் கண்ணெதிரில் நடந்தது. மாதேஸ்வரி சிரித்தாள், அழுதாள், அந்த வாழைப்பழத்தைச் சாப்பிட்டாள். அவ்வளவு சந்தோஷமான மத்தியானம் அந்த ஃபேக்டரியில் எனக்கு வேறு இல்லை.

இருட்டுகிற நேரத்தில் அவர்கள் வந்தார்கள். இருவர் தலையிலும் எண்ணெய் மினுமினுத்தது. சபாபதியின் சட்டை முதல் தடவையாகக் கசங்கியிருந்தது. மீன் வறுவல் வாசனை ஏசி ரூம் முழுக்கப் பரவியது. மாதேஸ்வரி காகிதத்தைத் தரையிலிருந்து எடுத்து மேஜைமேல் விரித்து, விரலால் காட்டினாள். இங்கே வரைக்கும் கரைகிறது, இங்கே வெளியே வருகிறது, இந்தச் சரிவுதான் உண்மையான ரீடிங், உங்கள் கூழ் கறுத்ததும் இதனால்தான்.

சபாபதி கோட்டைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். அடுத்து அவர் சொன்னதைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனாலும் சொல்கிறேன்.

"கண்ணு பட்டுருச்சு."

"என்னாங்க சார்?"

"ரெண்டு பொம்பளைங்க நாள் பூரா கண்ணெடுக்காம மெஷினையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா, அது தாங்குமா? காலையில நல்லாத்தான இருந்துச்சு?" வாசலைப் பார்த்து வாட்ச்மேனைக் கூப்பிட்டார். "ஒரு பூசணிக்கா வாங்கியா. சுத்திப் போடணும்."

வாங்கி வந்தார்கள். சுற்றினார்கள். ஆக்சிஜன் அளக்கும் மெஷினுக்கு முன்னால் பூசணிக்காய் உடைந்து, குங்குமத் தண்ணீர் எங்கள் காலெல்லாம் தெறித்தது. நான் அந்தப் பெங்களூர்க்காரரைப் பார்த்தேன். அந்த மனிதருக்காவது தெரிந்திருக்கும், பையில் அடைத்த கூழை வாங்குவதுதானே அவர் தொழில் என்று ஒரு நப்பாசை. அவர் பூசணிக்காய்த் துண்டுகளைத் தாண்டிக் காலை வைத்துக்கொண்டு, "காலையில ஜீரோ பாத்தாச்சில்ல. அது போதும்ரீ. அந்தப் பழைய லோடு மட்டும் லேப் மிஸ்டேக்னு எழுதிக்கலாம்" என்று சிரித்தார். வயிறு நிறைந்த மனிதனின் சிரிப்பு. மீன் வறுவலுக்கு விலை போகிறவனை அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன். சபாபதியாவது தன் முட்டாள்தனத்தை மனதார நம்பினார். இவர் எல்லாம் புரிந்துகொண்டு சிரித்தார். அருவருப்பு என்றால் எனக்கு இன்றும் அந்த எண்ணெய்த் தலைதான்.

மாதேஸ்வரி சான்றிதழ் கேட்டபோது, கூழ் கறுத்தது அவள் கவனக்குறைவால்தான் என்று அவளே எழுதிக் கொடுத்தால் தருவதாகச் சபாபதி சொன்னார். "ஒரு வரிதானம்மா, யாரு பாக்கப் போறாங்க" என்றார். நானும் அவளிடம் அதைத்தான் சொன்னேன், எழுதிக் கொடுத்துவிட்டு ஓசூருக்குப் போய்த் தொலை என்று. அவள் குரலை உயர்த்தாமல், "பொய் ரீடிங் எழுத எனக்கு வராதும்மே" என்றாள். மேஜைமேல் கிடந்த அந்த நீளக் காகிதத்தைச் சுருட்டி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சான்றிதழுக்குப் பதிலாக அதைத்தான் ஓசூருக்கு எடுத்துப் போனாள். தான் இங்கே பார்த்த வேலைக்கு இதைவிட வேறு அத்தாட்சி என்ன என்று அவளுக்கு நினைப்பு. அங்கிருந்த அதிகாரி காகிதத்தைப் பாதிகூடப் பிரிக்கவில்லையாம். "என்னம்மா இது, மளிகைக் கடை பில்லா? லெட்டர்ஹெட்ல கொண்டு வாங்க" என்றாராம். ஆவணி வந்தது. பாலக்கோட்டுப் பக்கம் கல்யாணம் ஆனது. அவள் வீட்டுக்காரர் நல்ல மனிதர். குறை கண்டுபிடிக்க நானும் ஆசையோடு பார்த்திருக்கிறேன், சிக்கவில்லை. தக்காளித் தோட்டம், இரண்டு பிள்ளைகள், நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அவள் பொறுமைக்கு ஒரு மெஷினை அதற்கப்புறம் யாரும் கொடுக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. நன்றாகத்தானே இருக்கிறாள் என்று யாராவது சொன்னால் இன்னும் கொஞ்சம் எரிகிறது.

ஃபேக்டரி அதற்கப்புறம் அதிக காலம் ஓடவில்லை. கூழ் மறுபடி கறுத்தது. கறுக்காமல் என்ன செய்யும்? அடுத்த முறை சபாபதி வாஸ்து பார்த்து கேட்டை இடம் மாற்றினாராம். அதற்குள் நான் தருமபுரியில் ஒரு உரக்கடையில் பில் போடும் வேலைக்குப் போய்விட்டேன். மெஷினை யாரோ எடைக்கு வாங்கிப் போனதாகக் கேள்வி.

போன வாரம் அந்தக் கருவாட்டு பஸ்ஸில் நான் போய் இறங்கிய கல்யாண மண்டபம் அந்த ஃபேக்டரிதான். பத்திரிகையில் மண்டபத்தின் பெயர் மட்டும் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. இறங்கிப் பார்த்ததும் கூரையின் சரிவு காட்டிக் கொடுத்தது. கூழ் காய்ச்சிய இடத்தில் பந்தி. படலம் செய்த ஷெட்டில் மணமகன் அறை. எங்கள் லேபைத் தேடிப் பார்த்தேன். கை கழுவும் இடமாக இருக்கிறது. சீசன்தான், ஆனால் ரோட்டில் மாம்பழ வாசனை இல்லை. அந்த வாசனைக்காக நான் ஏங்குவேன் என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். இப்போதும் ஏங்கவில்லை. மூக்கு மட்டும் தேடியது.

மண்டபத்து ஆபீஸில் மொய் எழுத நின்றபோதுதான் அதைப் பார்த்தேன். சாமி படங்களின் வரிசையில், முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில், அதே சட்டம். சந்தனப் பொட்டு பழுத்துப்போயிருந்தது. கீழே விளக்கு, மேலே அன்றைக்குக் கட்டிய பூ. கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். கோட்டைக் காணவில்லை. எண்களைக் காணவில்லை. வெறும் வெள்ளைக் காகிதம், நடுவில் ஒரு பொட்டு.

"இது என்ன சாமிங்க?" என்று மண்டபத்து மேனேஜரைக் கேட்டேன்.

"தெரியலீங்க. பழைய ஓனருங்க காலத்துலருந்தே இருக்குதுங்க. ரொம்ப ராசியான படமுங்க. இத எறக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் எங்களுக்கு வித்தாங்க."

வெளியே வந்து மாதேஸ்வரிக்குப் போன் போட்டேன். தோட்டத்தில் இருந்தாள். பின்னால் மோட்டார் சத்தம். சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தாள்.

"என்னோடதுந்தான் போச்சும்மே" என்றாள். "பீரோவுல அந்த பிளாஸ்டிக் கவருலயே வச்சிருந்தேன். போன வருசம் பொண்ணுக்குக் காட்டலாமுன்னு எடுத்தா, வெறும் வெள்ளை. செல்போன் கவருக்குள்ள பஸ் டிக்கெட்ட வச்சா வெளுத்துருதில்ல, அதே கததான். பிளாஸ்டிக்குல கலந்திருக்கறது மெதுவா நகந்து பேப்பருக்குள்ள பூந்து எழுத்தத் தின்னுருச்சு. லேமினேஷன்லயும் அதேதான் நடந்திருக்கும். நாம படிச்சதுதான. எனக்கே தோணாம போச்சு பாரு."

"தூக்கிப் போட்டுட்டியா?"

"இல்ல. மனசு வரல. மடிச்சு வச்சிருக்கறேன்."

கூழும் போயிற்று, மெஷினும் போயிற்று. சபாபதியின் பூஜ்யம் போயிற்று, அவள் காலையிலிருந்து சாப்பிடாமல் காத்திருந்து வாங்கிய அந்தச் சரிவும் போயிற்று. இரண்டும் இப்போது வெள்ளைக் காகிதம்தான். ஒன்றுக்கு மட்டும் தினமும் பூ வைக்கிறார்கள்.